அப்பா கொடுக்காத அன்பளிப்பு

1

அறையில் இருந்தவர்கள்:

அப்பா: மின்விசிறிக்கு நேர் கீழே, அவருடைய நாற்காலியில்.
அண்ணன்: நின்றபடி. முக்கியமான பேச்சென்றால் அண்ணன் உட்காரமாட்டான்.
அண்ணி: சமையலறை நிலையில் சாய்ந்து, பாதி உள்ளே, பாதி வெளியே.
ஆடிட்டர்: பிஸ்கட் தட்டுக்குக் கை எட்டும் தூரத்தில்.
அக்கா: ஓரத்தில், பிளாஸ்டிக் முக்காலியில். பேச்சு முழுக்க அவள் பணத்தைப் பற்றி. ஆகவே அவளிடம் யாரும் பேசவில்லை.
நான்: பகல் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, பனியனோடு.

வராதது: பணம். அது வங்கியில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய எதையும் என் வீட்டில் யாரும் படித்ததில்லை. அன்றுதான் முதல்முறையாக என்னிடம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கம் போதும், முழுக்கப் பொய்யாக இருக்கவேண்டும், படித்தால் நம்பும்படி இருக்கவேண்டும் என்றார்கள். அதாவது ஒரு சிறுகதை.

எழுதினேன். அது கிழிந்துவிட்டது. இது அதற்குப் பதிலாக எழுதியது.

2

தொடக்கம் ஒன்று: என் அக்கா வெளிநாடு போவதற்கு முந்தைய வாரம், திறந்து கிடந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து—

(வேண்டாம். இந்தப் பாதை எனக்குத் தெரியும். பெட்டி, கண்ணீர், விமான நிலையம், கண்ணாடிக்கு அப்பால் அசையும் கை. இந்தக் கதையில் விமான நிலையம் வராது. காத்திருக்கவேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய அவள் விரல்கள்—

(பொய். அக்காவின் விரல்களில் ஒரு தழும்பும் இல்லை. அவள் நல்ல தையல்காரி.)

தொடக்கம் மூன்று: நடந்தது.

துணிக்கடைகள் நிறைந்த தெரு ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறையில் அக்கா ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். புதுத் துணி எதையும் தைக்கமாட்டாள். அடுத்தவர் தைத்ததைச் சரிசெய்வதுதான் வேலை. ரெடிமேட் பேண்ட்டின் கால் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. கடையில் பேண்ட் வாங்கியவர்கள் பையோடு நேராக இவளிடம் வருவார்கள். காசைக் கையில் கொடுப்பார்கள். பில் யாரும் கேட்டதில்லை, இவளும் போட்டதில்லை.

அந்தக் காசு போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு, கடைக்கும் முன்னால் திறந்தது. அக்கா ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. அதனால் அப்பா பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவது. பிறகு அவள் வளர்ந்தாள், ஆலையை விட்டாள், கடை போட்டாள். கணக்கு மட்டும் வளரவில்லை. பெயரை மாற்றினால் அப்பா வருத்தப்படுவார் என்று யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். நாற்பதை நெருங்கிய பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். வங்கியிலும் அவள் பாப்பாதான்.

இப்போது வேறொரு நாட்டில், கல்யாண உடை விற்கும் பெரிய கடை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. விசா வந்துவிட்டது. அங்கே வீட்டுக்கு முன்பணம், குளிருக்குத் துணி, முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு என்று எல்லாமே இந்தச் சேமிப்பிலிருந்துதான் நடக்கவேண்டும். பணம் எல்லை தாண்டவேண்டும். அதற்குத்தான் ஆடிட்டர், அதற்குத்தான் பிஸ்கட்.

3

“சிம்பிள் மேட்டர்,” என்றார் ஆடிட்டர். “கணக்குல முதல் பேரு அப்பாவோடது. பேங்க் கண்ணுக்கு இது அப்பா பணம். அப்பா பொண்ணுக்கு அன்பளிப்பா குடுக்கறார். ஒரே ஒரு லெட்டர். வரி கிடையாது. ஒரு வாரத்துல அங்க போய் விழுந்துடும்.”

“இது அவர் பணம் இல்லையே,” என்றாள் அக்கா.

ஆடிட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். “யார் பணம்னு நான் சொல்லலம்மா. யார் பேருன்னு சொன்னேன்.”

“என் பணம்னு நான் சொன்னா?”

“தாராளமா சொல்லலாம். அப்ப அது வருமானம். வருமானம்னா வரி. இத்தனை வருஷமா கட்டலைன்னா வட்டி, அபராதம். மூணுல ஒரு பங்கு போயிடும். அதுவும் அவங்க நம்பினாத்தான். கூப்பிட்டு வெச்சுக் கேப்பாங்க. பில் புக் எங்கன்னா என்ன காட்டுவீங்க? சந்தேகம் வந்தா விசாரணை. கணக்கை முடக்கிட்டாங்கன்னா வெறுங்கையோட ஃப்ளைட் ஏறணும். இல்ல, ஏறாமலே இருக்கணும்.”

“கேட்டியா பாப்பா?” என்றான் அண்ணன். “நேரா ஒரு வழி இருக்கு. உனக்கு மட்டும் தலையைச் சுத்தித்தான் மூக்கைத் தொடணும்.”

“காகிதம்தானே,” என்றார் அப்பா. “நான் குடுத்ததாவே இருந்துட்டுப் போகட்டும். என்ன குறைஞ்சு போச்சு?”

“நீங்க குடுத்ததா இருந்தா, நான் வாங்கினதா ஆயிடும்ப்பா.”

அண்ணி உள்ளே போய் ஒரு பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தார்.

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இரவெல்லாம் விழித்திருப்பதால் எனக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு.

“டேய் ராக்கோழி,” என்றான் அண்ணன். “நீதான் கதை எழுதுவியே. ஒரு பக்கம் எழுதிக் குடு. கொஞ்சம் உருக்கமா.”

4

நீங்கள் ஆடிட்டர் பக்கம். எனக்குத் தெரியும்.

ஒரு கடிதத்துக்காக மூன்றில் ஒரு பங்கை இழப்பதா, இவளுக்கென்ன பைத்தியமா என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த இடத்தில் அக்காவின் மனதுக்குள் புகுந்து அவள் தன்மானத்தை விளக்கி ஒரு பத்தி எழுதலாம். மாட்டேன். அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். புரியாவிட்டால் மேலே போய் இன்னொரு முறை படியுங்கள்.

[என்னைப் பற்றிக் குறிப்பு, ஒரே முறை: படிப்பைப் பாதியில் விட்டேன். அப்புறம் இரவு வேலை. விமானத்தில் பெட்டி தொலைந்தவர்கள் அழைத்தால் பேசவேண்டும். சொல்லவேண்டியதை எழுதியே கொடுத்திருந்தார்கள்: ‘உங்கள் பெட்டி இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.’ தெரிந்திருக்காது. ஒருநாள் ஒரு பெண், “எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க தம்பி, நானே போய் எடுத்துக்கறேன்” என்றாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அதையும் பாதியில் விட்டவன் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிதான்.]

5

ஆனாலும் அந்தக் கடிதத்தை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். மட்டமான பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

‘இதனால் நான் தெரிவிப்பது யாதெனில், என் ஒரே மகள் மீது நான் கொண்டுள்ள பாசத்தினாலும், அவள் என் முதுமையில் எனக்குச் செய்துவரும் பணிவிடைகளால் அடைந்த மகிழ்ச்சியினாலும், என் வாழ்நாள் சேமிப்பை, எவருடைய தூண்டுதலும் இன்றி, மனமுவந்து—’

எவருடைய தூண்டுதலும் இன்றி என்று எழுதும்போது அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

“சூப்பர்டா. கடைசியில ஒரு வரி சேர்த்துக்கோ.”

“என்ன வரி?”

“‘இதன் மூலம் என் சொத்தில் என் மகளுக்குச் சேர வேண்டியது அனைத்தும் சேர்ந்துவிட்டது.’ அவ்வளவுதான். முடிக்கும்போது ஒரு கம்பீரம் வேணாமா?”

“அப்பாவோட சொத்துன்னா இந்த வீடு ஒண்ணுதானேண்ணா.”

“உன்னை எழுதத்தான் சொன்னேன். யோசிக்கச் சொல்லல.”

எழுதினேன். அடிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. அண்ணன் சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல்.

6

இங்கே அண்ணனைப் பற்றி எனக்குச் சந்தேகம் வருகிறது. வில்லனாக்கிவிட்டேனோ?

இந்த வீட்டின் கரண்ட் பில்லை அவன்தான் கட்டுகிறான். மேல்மாடி ஒழுகியபோது கடன் வாங்கித் தளம் போட்டவன் அவன். அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவனும் அவன்தான். நான் அப்போது தொலைந்த பெட்டிகளுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் எதையும் பிடுங்குவதாக நினைக்கவில்லை. வீட்டை ஒழுங்குபடுத்துவதாக நினைக்கிறான். போகிறவள் போகிறாள், இருக்கிறவன் இருக்கிறான், எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் எடுத்து வைப்பது அவனுக்கு ஒரு கடமை.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். அவன் நல்லவன். அந்த வரியும் அவனுடையதுதான். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாதவர்கள் வேறு கதை படிக்கலாம்.

7

மறுநாள் அதே ஆட்கள், அதே இடங்கள். பிஸ்கட் மட்டும் வேறு.

நின்றுகொண்டு உரக்கப் படித்தேன். ‘வாழ்நாள் சேமிப்பு’ என்ற இடத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘மனமுவந்து’ வந்தபோது அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை. உண்மையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரியையும் படித்து முடித்தேன்.

“கடைசி வரியை இன்னொரு தடவை படி,” என்றாள் அக்கா.

படித்தேன்.

“இது உன் வரியா?”

“கையெழுத்து என்னோடது. வரி அண்ணனோடது.”

“டேய்!” என்றான் அண்ணன். பிறகு அவளிடம் குரலைத் தணித்துக்கொண்டான். “எல்லா இடத்துலயும் எழுதறதுதான் பாப்பா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. ஆடிட்டரையே கேளேன்.”

“எனக்கு ஒரு கால் வருது,” என்று ஆடிட்டர் மணியடிக்காத போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

“அப்பா, இந்த வரி உங்களுக்குத் தெரியுமா?”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். “எந்த வரி?”

“அதாவது என் காசை எனக்கே குடுத்து, என்னை இந்த வீட்டுல இருந்து கணக்குத் தீர்த்து அனுப்பறீங்க.”

“உனக்கு வீடு எதுக்கு?” என்றான் அண்ணன். “நீதான் அங்க போறியே.”

சமையலறை நிலையிலிருந்து பதில் வந்தது. “அவ வேலைக்குப் போறா. செத்தா போறா?”

“நீ உள்ள போ.”

“உள்ளயேதான் இருக்கேன், கல்யாணம் ஆன நாள்ல இருந்து. என் நகையை வித்துத் தளம் போட்டீங்களே, அதையும் அன்பளிப்புன்னு எழுதச் சொல்லுங்க. எழுத்தாளர் இங்கதானே நிக்கறார்.”

(மேலே ‘கடன் வாங்கித் தளம் போட்டவன்’ என்று எழுதியிருக்கிறேன். அண்ணி இதைச் சொல்லும்வரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திருத்தப் போவதில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினாள். நின்றபடி முழுக்கப் படித்தாள்.

“நல்லா எழுதியிருக்கே. எனக்கே அப்பா குடுத்த மாதிரிதான் இருக்கு.”

பிறகு கிழித்தாள். கத்தரிக்கோலால் வெட்டியிருந்தால் கதைக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். கையால்தான் கிழித்தாள், கோணல்மாணலாக.

“இன்னொண்ணு எழுது,” என்றாள். “ஒரே வரி. ‘இந்தப் பணம் என் மகள் உழைத்துச் சேர்த்தது.’ அப்பா கையெழுத்துப் போடட்டும்.”

எழுதி அப்பாவின் முன்னால் வைத்தேன். பேனாவையும் வைத்தேன். வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கத் தயாராக இருந்த மனிதர் அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்தார்.

“‘என் ஆதரவில்’னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோயேன்,” என்றார். “‘என் ஆதரவில், என் மகள் உழைத்துச் சேர்த்தது.’ வெளியில நாலு பேர் படிக்கறது.”

“அந்த வார்த்தைக்கு எவ்வளவுப்பா வரி?” என்றாள் அக்கா.

அப்பா பேனாவை மூடினார். “வெச்சுட்டுப் போ. பாக்கலாம்.”

8

அந்தத் தாள் இன்னும் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அப்பா தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்திருக்கிறார். தூக்கியும் போடவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

9

அக்கா தானாகவே வரி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். பதில் வந்தது. நேரில் வரவும், தொழில் செய்ததற்கான ஆதாரங்களைக் கொண்டுவரவும். நாள் குறித்திருந்தார்கள். அது பயணத்துக்கு முந்தைய வாரம்.

கடையைக் காலி செய்ய உதவிக்குப் போனேன். பரணில் மூட்டைகள் இருந்தன. குப்பை என்று நினைத்து ஒன்றை இழுத்தேன். அவிழ்ந்து கொட்டியது. துணி வளையங்கள். பேண்ட்டின் காலைக் குறைக்கும்போது வெட்டி எடுக்கிற அடிப்பகுதி. கறுப்பு, காக்கி, கட்டம், கோடு, பள்ளிக்கூடச் சாம்பல், ஹோட்டல் சிப்பந்தியின் மெரூன். ஒவ்வொன்றிலும் எண் போட்ட ஒரு டோக்கன் குத்தியிருந்தது.

“இதையெல்லாம் எதுக்குக்கா வெச்சிருக்கே?”

“அதே பேண்ட்டை முட்டியில கிழிச்சுக்கிட்டு வருவான். ஒட்டுப் போட அதே துணி வேணும். கடையில தேடினா அந்தச் சாயம் கிடைக்காது. வெட்டினதை வெச்சிருந்தா அதுலயே போட்டுடலாம், வெளியில தெரியாது.”

“வராதவங்களோடது?”

“வரலாம்ல.”

வேறெந்தத் தையற்காரரும் இப்படி வைப்பதில்லை. வெட்டியதும் கூட்டித் தள்ளிவிடுவார்கள். இவள் ஆலையில் இருந்தபோது வெட்டுத்துணியை வெளியே கொண்டுபோகிறார்களா என்று வாசலில் நிறுத்திச் சோதிப்பார்களாம். தனக்கென்று ஒரு கடை வந்ததும் ஒரு துண்டையும் வெளியே விடவில்லை.

அவள் வளையங்களை மறுபடியும் மூட்டையில் திணிக்க ஆரம்பித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அக்கா, ஆபீசர் பில் கேப்பார். இது பில் இல்ல.”

“பேண்ட் வாங்கினவன்கிட்ட பில் இருக்கும்,” என்றாள். “நீளத்தைக் குறைச்சவகிட்ட நீளம்தான் இருக்கும். மூட்டை வாயைப் பிடி.”

10

இந்த இடத்தில் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

முதல் முடிவு. அதிகாரி வளையங்களைக் கிளறுகிறார். ஒன்றில் அவர் கை நிற்கிறது. குனிந்து தன் பேண்ட்டின் கீழ்மடிப்பைப் பார்க்கிறார். அதே துணி. அவர் கண்களில்—

(அசிங்கம். இத்தனை பேர் வாழும் ஊரில் அந்த அதிகாரிக்குச் சரியாக அக்காவின் கடைதானா கிடைத்தது? இதை எழுதி ஒருநாள் முழுக்க வைத்திருந்தேன். எல்லாருக்கும் பிடிக்கும் என்பதால் அடித்தேன்.)

இரண்டாவது முடிவு. கடைசி நிமிடத்தில் அப்பா கையெழுத்திட்ட தாளோடு ஓடி வருகிறார்—

(அப்பா ஓடமாட்டார். முட்டி வலி. தவிர, கண்ணாடிக் கூட்டை யார் எடுப்பது?)

மூன்றாவது முடிவு. அதிகாரி சிரிக்கிறார். மூட்டை வெளியே போகிறது. கணக்கு முடங்குகிறது. அக்கா வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்காருகிறாள். ஆடிட்டர் பிஸ்கட்டை நனைத்தபடி, “நான் அப்பவே சொன்னேன்”—

(இது நடக்கலாம். நடக்கலாம் என்பதாலேயே எழுதமாட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும் மகிழ்ச்சியை ஆடிட்டருக்கு நான் தரப்போவதில்லை.)

உங்களுக்கு இன்னொன்று தோன்றலாம். எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: அதில் யாரும் அவளுக்கு எதையும் கொடுக்கக்கூடாது. அதிகாரி கருணை காட்டக்கூடாது. அண்ணன் மனம் மாறி மடியில் பணம் கட்டிக்கொண்டு வரக்கூடாது. நீங்களும் பரிதாபப்படக்கூடாது. அப்படி ஏதாவது கொடுத்தால் நீங்கள் எழுதுவதும் அன்பளிப்புக் கடிதம்தான். அவள் கிழிப்பாள்.

11

வரி அலுவலகம் பழைய கட்டிடம். இரும்புக் கதவு, பக்கத்தில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் காவலாளி. அலுவலகம் மூடும் நேரம். பேருந்தில் மூட்டையை ஏற்றவிடாமல் ஒரு நடத்துனர் சண்டை போட்டதில் தாமதம். அக்கா அவரிடம் மூட்டைக்கும் ஒரு டிக்கெட் வாங்கி, அதை ஜாக்கெட்டுக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

“என்னம்மா மூட்டையில?” என்றார் காவலாளி.

“சம்பளம்.”

அவர் முடிச்சை அவிழ்த்தார். ஒரு வளையத்தை எடுத்தார். அதற்குள் கையை நுழைத்து, வளையல்போல மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தார்.

“இது பேண்ட் கால்.”

“ஆமா.”

“பணம் எங்க?”

“அதைத்தான் கேக்க வந்திருக்கேன்.”

அவர் வளையத்தைத் திருப்பிப் போட்டார். அக்கா நீட்டிய அழைப்புக் கடிதத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. “இன்னைக்குக் கடைசி ஆள் நீங்கதான். உள்ள போனா அந்தப் பக்க வாசல் வழியாத்தான் வெளிய விடுவாங்க. கூட யாரு?”

“தம்பி.”

“சாட்சிக் கையெழுத்துப் போடறவரா?”

“இல்ல. எழுதறவன்.”

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப வெளியில நிக்கட்டும்.”

மூட்டையைத் தூக்கிவிடக் குனிந்தேன். அதற்குள் அவளே தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“அக்கா, என்ன சொல்லப் போறே?”

“முதல் டோக்கன்ல இருந்து ஆரம்பிக்கறேன். அவருக்கு நேரமிருந்தா கேக்கட்டும்.”

“நேரமில்லைன்னா?”

“எனக்கு இருக்கு.”

அவள் உள்ளே போனாள். மூட்டை கதவின் அகலத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு முறை இடித்து, நுழைந்துவிட்டாள். காவலாளி அவளுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினார்.